மத்தியானத் தூக்கத்துக்கு என்ன போடுவது

அக்காவின் மாமியாருக்கு மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் வீடு. எங்களுக்குப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. இரண்டும் ஒரே மாநிலம்தான். ஆனால் அவர்கள் ஏப்ரலிலும் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள்; நாங்கள் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுப்போம். இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு குழந்தை பிறந்தது.

ஐந்தாம் மாதம் குழந்தையோடு அக்கா புகுந்த வீடு திரும்புவதாகப் பேச்சு. மூன்றாம் மாதமே அந்த மாமியார், எனக்கு அத்தை, குழந்தையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வாடகை ஜீப்பின் பின்சீட்டில் மெத்தை விரித்திருக்கிறார்கள் என்று அக்கா வீட்டுக்காரர் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். சும்மா பார்க்க வருகிறவர்கள் மெத்தை விரிப்பதில்லை.

"எனக்கு இன்னும் உடம்பே தேறலீம்மா. ரெண்டு மாசம் இருந்துக்கறேனே" என்றாள் அக்கா.

அவர்கள் வரும் நாள் காலையில் அம்மாவிடம் ஒரு திட்டம் இருந்தது. அத்தை பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை, குல்லா, காலுறை மூன்றையும் எடுத்து வந்தாள். "அவிய கையால பின்னுனது. போடாம வெச்சா மதிக்கலைன்னு இன்னைக்கே தூக்கீட்டுப் போயிருவாங்க."

நான் இயற்பியல் முதுகலை முதலாண்டு. அறை வெப்பமானி ஒன்று வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் குறித்து வந்தேன். யாரும் கேட்டதில்லை. "அம்மா, ரூம்ல முப்பத்திமூணு டிகிரி" என்றேன்.

"உன்ற டிகிரியக் கொண்டுபோயி அடுப்புல வெய்யி."

பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. குழந்தை முழு மலைக்கோலத்தில் சிவந்துபோய் அலறிக்கொண்டிருந்தான். அத்தை செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே வந்தார்.

"என்னம்மா இது? பிள்ளைய அவிச்சு வச்சிருக்கீங்க!"

"நீங்க பின்னுனதுங்க, சம்பந்தி" என்றாள் அம்மா.

"நான் எங்க ஊருக்குல்ல பின்னுனேன்! இந்த வேக்காட்டுல பிள்ளை எப்படித் தூங்கும்? நான் கையோட கூட்டிட்டுப் போயிடுதேன்."

"முப்பத்திமூணு புள்ளி நாலுங்க, அத்தை" என்றேன் நான்.

"பாத்தீங்களா, படிச்ச பிள்ளையே சொல்லுது."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அளக்கக் கருவி ஏதும் என்னிடம் இல்லை.

பரிகாரமாகக் குழந்தையை நானே தூக்கிக்கொண்டேன். குல்லாவைக் கழற்றினேன். காலுறை, சட்டை. அடியில் ஒரு பனியன். கம்பளி குத்தக்கூடாதென்று அம்மா போட்டது. பிடரி நனைந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, கையில்லாத மெல்லிய ஜபலா ஒன்றை மட்டும் கட்டினேன். நிழல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, மேசை விசிறியைச் சுவர் பக்கம் திருப்பி, அவனை மல்லாக்கப் படுக்க வைத்தேன்.

"போத்த வேண்டாமா?" சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"வேண்டாம்."

பன்னிரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டான். அதையும் குறித்துக்கொண்டேன். அவ்வப்போது பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை இல்லை, சூடும் இல்லை.

சாப்பாடு முடிந்தது. இரண்டு மணிக்கு டிரைவர் வாசலில் வந்து நின்றார். "அம்மா, இப்ப எடுத்தாத்தான் இருட்டுக்கு முந்தி மலை ஏறலாம். சின்னார் காட்டு ரோட்டுல யானை நிக்கும்."

அத்தை பூனைபோல நடந்து அறைவாசலுக்குப் போனார். குழந்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் விட்டெறிந்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்பி வாசல் தாண்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். ஆகவே எல்லோரும் நின்றோம். இரண்டேகால். இரண்டரை. டிரைவர் ஹார்ன் அடித்தார். சம்பந்திகள் இருவரும் ஓடிப்போய் அவரைத் திட்டினார்கள்.

"எந்திரிப்பானா?" என்று அத்தை என்னிடம் கிசுகிசுத்தார்.

"சொல்ல முடியாதுங்க, அத்தை. அதுக்கெல்லாம் சூத்திரம் இல்ல."

மூன்று மணிக்கு அத்தை பெருமூச்சு விட்டார். "நல்லாத்தானே தூங்குதான். அஞ்சாம் மாசமே வா தாயி" என்று அக்காவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

ஜீப் பொள்ளாச்சி ரோட்டில் திரும்பியதும் அறைக்குள்ளே குழந்தை வீறிட்டான். அக்கா முதலில் ரோட்டைப் பார்த்தாள். பிறகுதான் போய்த் தூக்கினாள்.