கொள்ளுச் செடிமேல் ஏறாத கார்

வளைகுடாவில் அடுத்தவர் கார்களையே ஓட்டிய அப்பா, ஊர் திரும்பியதும் தனக்கென்று ஆசையாக வாங்கிய வேகக் கார் அது. வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போகிறவன் நான், லைசென்சும் எடுத்துவிட்டேன் என்பதால், கீரனூர்ச் சாலையில் சாவியை என்னிடம் தந்தார். ஒரு கீறல் விழுந்தாலும் இனித் தொடவிடமாட்டார் என்று மெதுவாகவே ஓட்டினேன்.

வளைவு தாண்டியதும் சாலை முழுக்கக் காய்ந்த கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும்.

"ஏறி வாங்க தம்பி!" என்று ஓரத்தில் நின்ற பெண் கையசைத்தார்.

பஸ் ஏறலாம். தரையோடு தரையாகப் போகும் இந்தக் காரின் அடியில் செடி சிக்கி, சூட்டில் தீப்பிடித்தால்? பக்கத்தில் இருந்த அப்பாவின் கை ஹேண்ட்பிரேக்குக்கு வந்திருந்தது. அதற்குள் நானே நிறுத்தினேன்.

"இம்புட்டுப் பெரிய காரு செடிக்குப் பயப்படுதாக்கும்!"

"காருக்கு என்னாத்தா பயம்? உள்ள இருக்க எங்க ரெண்டு பேருக்குந்தான்" என்று அப்பா இறங்கினார்.

கார் போகுமளவுக்கு இருவரும் செடியை வாரி ஒதுக்கினோம். முடிந்ததும் அவர் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தார். போச்சு என்று நினைத்தேன். சீட்டில் கிடந்த சருகைத் தட்டிவிட்டு, "ஒக்காரு, எடு" என்றார்.