மழைக்குப் புள்ளி இல்லை

வெற்றிக்கு ஐந்து. எவ்வளவு வித்தியாசத்தில் வெற்றி என்பதைச் சரியாகச் சொன்னால் இன்னும் பத்து. ஐந்து ஓட்டத்துக்குள் தவறினால் நான்கு. அதிக ஓட்டம் எடுப்பவரைச் சொன்னால் மூன்று. நாணயம் சுண்டிய பிறகு வந்த கணிப்புக்கு ஒன்றுமே இல்லை. நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். கம்பஸில் படித்தவற்றில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

துறைமுக வாசலுக்கு வெளியே வீதியோரமாக ஒரு லொறித் தராசு இருக்கிறது. சீமெந்தும் கோதுமையும் ஏற்றிய லொறிகள் அதன்மேல் ஏறி நின்று, பாரம் காட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு போகும். பக்கத்தில் உள்ள தகரக் கொட்டிலில் நாங்கள் நான்கு பேர் வேலை செய்தோம். பட்டணத்துக் கோயிலடியைச் சேர்ந்த கத்தோலிக்கர் ஒருவர். அவரை எல்லோரும் அண்ணை என்போம். மூதூரிலிருந்து வரும் முஸ்லிம் ஒருவர். அவர் எங்களுக்கு நானா. கந்தளாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மல்லி. அவன் கொஞ்சம் வயல் வைத்திருக்கும் சிங்கள இளைஞன்; மல்லி என்றால் அவர்கள் மொழியில் தம்பி. நான்காவது ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். அப்பா இதே வாசலில் மூட்டை சுமந்தவர். நான் பட்டம் முடித்து, நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்து களைத்து, கடைசியில் அவர் சுமந்த மூட்டைகளின் பாரத்தைக் கணினியில் பதிகிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு அதில் பெருமை. கதிரையில் இருந்து செய்கிற வேலையல்லவா.

மூன்று பேர் இல்லாமல் தராசு ஓடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமையில் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து நின்றால் ஒருவருக்கு மட்டும்தான் லீவு. முன்பெல்லாம் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் நால்வரையும் நிறுத்தி வைத்துக் கேட்பார். அது ஒரு கொடுமை. வீட்டுத் துன்பங்களை எல்லாம் கொண்டுவந்து அவர் மேசையில் வைப்போம். யாருடையது பெரிதோ அவருக்கு லீவு. நாள் போகப் போக எல்லோருடைய துன்பமும் வளர ஆரம்பித்தது. நானாவின் மாமிக்கு ஒரே நோய் இரண்டு தரம் வந்தது. ஒருவர் கதையை மற்றவர் நம்பாத நிலைக்கு வந்தபோது, நானாதான் கிரிக்கெட்டை இழுத்து வந்தார்.

"மெச்சைக் கணிப்பம். தொடர் முடிய ஆர் முன்னுக்கு நிக்கிறாரோ, அவருக்கு விரும்பின ஞாயிறு. ஒருத்தரும் ஒருத்தர்ட்டயும் அழத் தேவயில்ல."

"புள்ளியை ஆர் கூட்டுறது?" என்று அண்ணை கேட்டார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "படிச்ச பொடியன் இருக்கேக்க வேற ஆர்?" என்றார் அண்ணை. கூட்டுகிறவன் விளையாடக்கூடாது என்பது முதல் சட்டம். மிஞ்சிய ஞாயிறு எதுவோ அது எனக்கு.

இப்படித்தான் என் படிப்பு வேலைக்கு வந்தது. சட்டங்களை எழுதிக் கொட்டில் சுவரில் ஒட்டினேன். வட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்தேன். நாணயம் சுண்டுவதற்கு முன் கணிப்பு அதில் விழ வேண்டும். அண்ணைக்கு எழுத்துத் தட்டச் சரிவராது, குரலாகவே அனுப்புவார். பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு லொறி ஹோன் அடித்துக்கொண்டிருக்கும். "இலங்கை தோக்கும். ஆறு விக்கெட்." ஒவ்வொரு தரமும் இலங்கை தோற்கும் என்றுதான் சொல்வார்.

"என்ன அய்யே, ஒருநாளும் எங்கட ஆக்கள் வெல்ல மாட்டாங்களா?" என்று மல்லி கேட்பான். அண்ணை என்பதற்கு அவனுடைய சிங்களச் சொல் அய்யே.

"வெண்டா சந்தோசம் வரும். தோத்தா புள்ளி வரும். எனக்கு ரெண்டில எது வந்தாலும் போதும்."

வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் ஓய்வில்லை. ஒருவர் அழைத்து, ஐந்து ஓட்டத்துக்குள் என்றால் ஐந்தாவதும் சேருமா என்று கேட்பார். இன்னொருவர், தான் சொன்ன ஆள் காயப்பட்டு வெளியே போனால் மூன்றில் பாதி கிடைக்காதா என்பார். பகலெல்லாம் லொறிகளின் பாரம், மாலையில் இவர்களின் புள்ளி. சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் அப்பாவும் கேட்பார்: "இண்டைக்கு ஆர் முன்னுக்கு?"

மாசியில் நடந்த தொடரின் முதல் ஆட்டத்தில் மழை குறுக்கிட்டது. மீதி ஓவர்களை விளையாட முடியாமல், மழைக்கான கணக்கைப் போட்டு, இத்தனை ஓட்டத்தால் வெற்றி என்று அறிவித்தார்கள். அது அச்சொட்டாக நானா சொன்ன எண். நானா கொட்டிலுக்குள் ஒரு சுற்று நடந்து வந்தார். அண்ணை விடவில்லை.

"அது விளையாடி வந்த வித்தியாசமில்லை. மழை பெய்ததை ஆர் கணிச்சது? ஆண்டவன்ட கணக்குக்கு நாங்கள் புள்ளி போடேலாது, தம்பி."

மல்லியும் தலையாட்டினான். இரண்டுக்கு ஒன்று. சுவரில் ஒரு வரி சேர்த்தேன்: மழைக் கணக்கால் முடிந்த ஆட்டத்தில் வெற்றிக்கு மட்டும் புள்ளி, வித்தியாசத்துக்கு இல்லை. நானா அன்று பின்னேரம் வரை என்னோடு கதைக்கவில்லை.

பிறகுதான் அண்ணையின் மகளுக்கு முதல் நன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, கொடுக்கும் நாள் கோயிலில் அறிவிக்கப்பட்டது. ஒரு ஞாயிறு. துறைமுகத்தில் சீமெந்துக் கப்பல் நிற்கப்போகிற ஞாயிறு. அதே ஞாயிற்றைத்தான் மல்லியும் வேண்டி நின்றான். அவன் வயல் பழுத்து நின்றது. அறுவடை மெஷின்காரன் அன்றைக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் வருவான். வானமோ ஒவ்வொரு நாளும் கறுத்துக்கொண்டிருந்தது. பழைய காலமென்றால் இருவரும் மேற்பார்வையாளரின் மேசைக்கு முன்னால் நின்று, ஒருவர் பிள்ளையையும் மற்றவர் நெல்லையும் காட்டி மன்றாடியிருப்பார்கள். இப்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு முன் மல்லி அண்ணையைவிட ஆறு புள்ளியால் முன்னுக்கு நின்றான்; நானா எங்கோ பின்னால்.

கடைசி ஆட்டத்தன்று காலையில் அண்ணையின் குரல் குழுவில் விழுந்தது. "இலங்கை வெல்லும்." அதற்குப் பின்னால் ஒரு சின்னக் குரல்: "ஏழு, அப்பா. ஏழு சொல்லுங்கோ." அண்ணை சிரிக்கிறார். "ஏழு ஓட்டம்."

"என்ன அண்ணை, கட்சி மாறிட்டியள்?" என்றார் நானா.

"மகள்தான். திருவருட்சாதனங்கள் ஏழாம். மறைக்கல்வியில பாடமாக்கினவ. அதுதான் வரும் எண்டு நிக்கிறா."

மல்லியும் இலங்கை என்றான், விக்கெட்டால் என்றான். இலங்கை முதலில் துடுப்பெடுத்து ஆடியது. முதலில் ஆடுகிற அணி ஓட்டத்தால்தான் வெல்லும்; அப்போதே அவனுடைய விக்கெட் கணிப்பு போய்விட்டது. எதிரணி துரத்தியது. என் தொலைபேசியைக் கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தோம். சீட்டு வாங்க வந்த சாரதிகளும் எட்டிப் பார்த்தார்கள். முப்பது ஓவர் போகும்போது, ஆட்டம் நடந்த மலைநாட்டில் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தை மூடினார்கள். மல்லி வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அவன் ஆட்டத்துக்காகப் பார்க்கவில்லை.

பின்னேரம் அறிவித்தார்கள். மழைக் கணக்கின்படி இலங்கைக்கு வெற்றி. ஏழு ஓட்டத்தால்.

அண்ணை கதிரையிலிருந்து எழும்பினார். எழும்பிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சுவரைப் பார்த்தார். பிறகு இருந்துவிட்டார்.

"என்ட பத்தையும் மழைதான் கொண்டு போச்சு," என்றார் நானா. குத்திச் சொல்லத்தான் வாயெடுத்திருப்பார். ஆனால் பாதியில் குரல் இறங்கிவிட்டது.

மல்லி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அய்யே, மெஷின் அந்த ஞாயிறு மட்டும்தான். பிறகு வராது."

"தெரியும் மல்லி. நான் ஒண்டும் கேக்கேல்லையே."

என்னைப் பார்த்தார்கள். நான் கூட்டினேன். இருவருக்கும் வெற்றிக்கு ஐந்து, வேறொன்றும் இல்லை. ஆறு புள்ளி இடைவெளி அப்படியே நின்றது; ஞாயிறு மல்லிக்கு. இவ்வளவு சின்னக் கூட்டலுக்கு இவ்வளவு களைப்பு வந்தது அன்றுதான்.

அடுத்த நாள் அண்ணையின் மனைவி எனக்கு அழைத்தார்.

"தம்பி, அந்தச் சட்டத்தை எழுதினது நீங்கள்தானே?"

"ஓம், அக்கா."

"எழுதின ஆளுக்கு அழிக்கேலாதோ?"

சட்டத்தைக் கேட்டு வாங்கியவர் அவருடைய கணவர்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. மல்லியின் நெல்லைப் பற்றிச் சொன்னேன். "நெல்லும் வேணும்தான்," என்று சொல்லி வைத்துவிட்டார். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு நாங்கள் மூவரும் தராசில் நின்றோம். கப்பலிலிருந்து லொறிகள் முடிவில்லாமல் வந்தன. அண்ணை வெள்ளைச் சேர்ட் போட்டு வந்திருந்தார். காலையிலேயே அதில் சீமெந்து படிந்துவிட்டது. பூசை நேரத்திலும் சாரதிகளின் சீட்டை வாங்கி ஜன்னலால் என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிய பிறகு ஓர் ஓட்டோ வந்து நேராகத் தராசின்மேல் ஏறி நின்றது. உள்ளே அண்ணையின் மனைவியும் மகளும். பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, முக்காடு, கையில் மெழுகுதிரி. முகமெல்லாம் வியர்வை. சப்பாத்து கடிக்கிறது என்று முறைப்பாடு.

"அப்பா, ஏழுதானே வந்தது? ஏன் நீங்கள் வரேல்லை?"

"ஏழுதான் வந்தது. மழையும் வந்தது."

பிள்ளை அதை யோசித்துவிட்டு விட்டுவிட்டது. கொட்டில் சுவரில் எண்கள் ஒளிரும் பலகையைக் கண்டுவிட்டது. "நான் எவ்வளவு பாரம்?"

"இறங்கு, பாப்பம்."

இறங்கினாள். பலகையில் இருபது கிலோ குறைந்தது.

"இருபது," என்றார் அண்ணை.

"இல்லை. பள்ளிக்கூடத்தில நிறுத்தவை. இருபத்தாறு."

"இது லொறித் தராசு, மகள். இருபது இருபதாத்தான் எண்ணும். மிச்சம் இதுக்குத் தெரியாது."

பின்னால் நின்ற லொறி ஹோன் அடித்தது. நானா வெளியே போய்ச் சாரதியைப் பார்த்து, பொறு என்று கையைக் காட்டினார். அண்ணை மகளின் தலையில் கையை வைக்கப் போய், கையிலிருந்த சீமெந்தைக் கண்டு, முழங்கையால் முக்காட்டைச் சரிசெய்தார். ஓட்டோ போனது.

திங்கட்கிழமை மல்லி வந்தான். "பாதி நனைஞ்சிட்டுது, அய்யே. மெஷின் பிந்தித்தான் வந்தது."

"மிச்சப் பாதி வீட்ட வந்ததுதானே," என்றார் அண்ணை. பிறகு தேத்தண்ணி குடித்தார்கள்.

மற்ற இருவரும் இல்லாத நேரத்தில் நான் அண்ணையிடம் கேட்டேன், அடுத்த தொடருக்கு மழைச் சட்டத்தை எடுத்துவிடுவோமா என்று. நானாவும் சம்மதிப்பார் என்றேன்.

சுவரைப் பார்த்தார். "வேண்டாம், தம்பி. இப்ப எடுத்தா நான் சும்மா தோத்த மாதிரி ஆகிடும்."

அடுத்த தொடர் தொடங்கிய காலை நான் பஸ்ஸில் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். நாணயம் சுண்ட இன்னும் நேரம் இருந்தது. அண்ணையின் குரல் வந்தது. பின்னால் ஒரு லொறி ஹோன் அடித்தது.

"இலங்கை தோக்கும். நாலு விக்கெட்."

பதிந்துகொண்டேன்.