சங்கு ஊதும் இடைவெளி

நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். கோவில்பட்டியில் என் பட்டறைக்கு வரும் மோட்டாரை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டாலே பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இந்தக் காதுக் கிறுக்குதான் என்னைத் தியானத்துக்கு வாசிக்கும் ‘பாடும் கிண்ணங்களிடம்’ கொண்டுபோய் விட்டது. அந்த வெண்கலக் கிண்ணத்தைத் துணி சுற்றிய கட்டையால் தட்டினால், சத்தம் ஓய்ந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் ரீங்காரம் ஓயாது. அது எங்கேதான் போகிறது என்று பார்ப்பதற்காகவே கோயம்புத்தூரில் மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து, ஐந்து கிண்ணங்களோடு வந்தேன். வீட்டில் கிடைத்த வரவேற்பைப் பற்றி எழுதுவதாக இல்லை.

ஊரில் ஒரு தியானக் குழு உண்டு. ஞாயிறு காலையில் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில் இருபது பேர் கூடுவார்கள். கரிசல் மண்ணில் எழுப்பிய கட்டடம். மண் வெடித்து வெடித்துச் சுவர் இறங்கியதில் ஜன்னல் எதையும் முழுதாகச் சாத்த முடியாது. மோட்டார் கொடுக்க வந்த பருத்தி வியாபாரி ஒருவர் என்னை அங்கே வாசிக்கக் கூப்பிட்டார்.

முதல் நாள் எல்லோரும் பாயில் படுத்துக் கண்ணை மூடினார்கள். பெரிய கிண்ணத்தில் ஒரு தட்டு. என் மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வரும்வரை பொறுத்து, மறு தட்டு. மூன்றாவது தட்டில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஜன்னலோரம் படுத்திருந்த ஓர் அக்கா பதறி எழுந்து, கீழே பின்பக்கம் இருந்த தன் வீட்டைப் பார்த்தார்.

“எங்கன துட்டி? யாரு போயிட்டாவ?”

பருத்தி வியாபாரி என் காதருகே குனிந்தார். “அண்ணாச்சி, சாவு வீட்டுல சேகண்டி அடிக்க மாதிரில்லா இருக்கு.”

எனக்கு அவமானமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. நான் கிறிஸ்தவன், எங்கள் தெருவில் சாவென்றால் மாதா கோயில் மணிதான். சேகண்டி கேட்டு நான் பதறியதில்லை. அந்த அக்காவுக்குப் பதறக் காரணம் இருந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவரை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று அக்கா இங்கே வருகிறார். அந்த நேரத்தில்தான் நான் சேகண்டி அடித்திருக்கிறேன்.

வாரம் முழுக்க இதே யோசனை. சேகண்டி தட்டை, கிண்ணம் குழி. அது கணீரென்று அடிக்கும், இது முனகும். பிறகு எப்படி எல்லோருக்கும் ஒரே நினைப்பு வந்தது? அந்த வாரமே கயத்தாறு பக்கம் ஒரு துட்டி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. துக்கம் விசாரித்த கையோடு திரும்பாமல், சேகண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றேன். ஓர் அடி, சங்கு, மறு அடி. சங்கு ஊதுகிற மூச்சும் நான் கிண்ணத்துக்கு விட்ட மூச்சும் ஏறக்குறைய ஒரே நீளம். பிடிபட்டுவிட்டது! நான் அடித்தது அடி மட்டும்தான். நடுவில் சங்கை ஊதிக்கொண்டவை அவர்கள் காதுகள். சந்தோஷத்தில் அங்கேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கிண்ணத்தைத் தட்டவே இல்லை. கட்டையால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தேன். இடைவெளியே இல்லாத ஒற்றை ரீங்காரம். ஒருவர் குறட்டைகூட விட்டார். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது அந்த அக்கா வந்து நின்றார்.

“அண்ணாச்சி, போன வாரம் அடிச்சீங்கள்லா, அதே மாதிரி ஒருக்கா அடிங்க.”

“எதுக்குக்கா? பயந்துல்லா போனீங்க.”

“அதுக்குத்தான் கேக்கேன். எப்படியும் ஒருநா எங்க வாசல்ல அடிக்கத்தான் போறாவ. அன்னைக்குப் பதறிக்கிட்டு நிக்கதுக்குப் பதிலா, இப்பமே கேட்டுப் பழகிக்கிடுதேன்.”

தட்டினேன். அக்கா கண்ணை மூடாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுத் தட்டு முடிந்ததும், “போதும்” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், எல்லோரும் கலைந்ததும் அவருக்காகத் தனியாக அடித்தேன். நாலாவது வாரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“போன வாரம் வீட்டுக்குப் போனா அவிய முழிச்சுக் கெடக்காவ. ‘ஏட்டி, வாரவாரம் சேகண்டி கேக்குதே, யாருக்கு?’ன்னு கேட்டாவ. ஒமக்குத்தான், ஒத்திகை பாக்கோம்னேன்.”

“ஐயய்யோ! அதுக்கு என்ன சொன்னாவ?”

“‘சங்கு எங்கட்டி? சங்கு இல்லாம நான் கெளம்ப மாட்டேன்’னுட்டாவ.”

கட்டையை எடுத்தேன். இரண்டாவது தட்டுக்குப் பிறகு வழக்கம்போல் மூச்சை இழுத்தேன். அப்போது சாத்தாத ஜன்னல் வழியாக, பின்வீட்டிலிருந்து கரகரத்த குரலொன்று வாயாலேயே சங்கு ஊதியது. நீளமாக ஊதி, இருமலில் போய் முடிந்தது.

அக்கா ஜன்னலுக்கு ஓடினார்.

“மூச்சு வாங்கும், சும்மா கெடயும்!” என்று கீழே பார்த்துக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணீரைத் துடைக்காமலே சொன்னார்: “நீங்க அடிங்க அண்ணாச்சி.”