வேறொருவர் பெயரில் ஒரு கார்

எங்கள் குடியிருப்பில் யாரும் காரை விற்பதில்லை, விட்டுவிட்டுப் போவார்கள். கொல்கத்தாவில் கார்டன் ரீச்சுக்கு மத்திய அரசு வேலையாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஊர் மூன்று வருஷம், மிஞ்சினால் நாலு. மாற்றல் உத்தரவு வந்ததும் கட்டில், இன்வெர்ட்டர், துணி காயப்போடும் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சேரும். காரும் அப்படித்தான். பேசியதைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வோம். "பேர் மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்வோம். அதற்குள் வாங்கியவருக்கும் மாற்றல் வந்துவிடும்.

என்னை மட்டும் ஏனோ தலைமை அலுவலகம் மறந்துபோனது. ஆறு வருஷமாக நான் ஓட்டிய சாம்பல் நிறக் கார், காகிதத்தில் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்ட ஒருவருடையது. ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில், இன்சூரன்ஸ் அவர் பெயரில். வருஷா வருஷம் நான் பாலிசியைப் புதுப்பிப்பேன். அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை எனக்கு அனுப்பிவைப்பார், கூடவே ஒரு பூங்கொத்துப் படமும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம் என்பதுதான் சரியான சொல்.

குடியிருப்பின் வாசலுக்கு எதிர்ச் சந்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். மனைவி, ஒரே மகள். பென்ஷன், குவார்ட்டர்ஸ் என்று எங்களுக்கு இருந்த எந்தப் பிடிமானமும் அவருக்குக் கிடையாது. மகளைப் படிக்கவைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு அவர் வந்து கதவைத் தட்டினார். வடமேற்கே வானம் கறுத்திருந்தது. மகள் ஜாதவ்பூரில் நுழைவுத் தேர்வு எழுதப் போயிருந்தாள். நாலு மணிக்கு முடிந்துவிடும். டாக்சிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக கேன்சல் செய்துகொண்டிருந்தார்கள்.

"சார், காரு கெடைக்குமா? ரெண்டு மணி நேரத்துல கொண்டாந்துருதேன்."

சாவியைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டும் அவர் கிளம்பவில்லை. "அடுத்தவங்க வண்டியில்லா, நான் ஓட்டுனா இன்சூரன்ஸ் செல்லுமா சார்?"

சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம். எனக்கு எரிச்சலாக இருந்தது. "நானே அடுத்தவன் வண்டியைத்தான் ஆறு வருஷமா ஓட்டறேன். லைசென்ஸ் இருக்கில்ல? யார் ஓட்டினாலும் செல்லும். மழைக்கு முன்னாடி கிளம்புங்க" என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. ஆபீசிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

புயல்மழை அவர் போன பத்தாவது நிமிஷம் பிடித்துக்கொண்டது. சாலையில் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்திருக்கிறது. அதைத் தவிர்க்க ஸ்டியரிங்கை ஒடித்தவர் நேராக ஒரு மதில்சுவரில் போய் மோதினார். எதிரே வண்டி இல்லை, குறுக்கே ஆள் இல்லை. குற்றம் சொல்ல யாருமே இல்லாத விபத்து. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அன்று தேர்வு மையத்தின் வாசலில் ஆறு மணிவரை நனைந்துகொண்டு நின்ற மகளை, கூடப் பரீட்சை எழுதிய ஒரு பெண்ணின் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள்.

காரியங்கள் முடிந்த பிறகு அவர் மனைவி என்னைப் பார்க்க வந்தாள். என்னை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "அன்னைக்குக் கெளம்பும்போதும், இன்சூரன்ஸ் எல்லாம் செல்லுமாம், சார் சொல்லிட்டாங்கன்னுட்டுத்தான் அண்ணே போனாங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நம்பிக்கையாகச் சொன்னாள். அந்தப் பணம் வந்தால் ஜாதவ்பூரில் ஒரு அறை எடுத்து மகளோடு இருந்துவிடுவாள். வராவிட்டால் தூத்துக்குடிக்கு, அண்ணன் வீட்டுக்கு. மகளுக்கு இங்கே இடம் கிடைத்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கிடைக்கவும் செய்தது.

விபத்தை விசாரிக்க வந்த இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் நல்ல மனிதர். என் வீட்டில் டீ குடித்துக்கொண்டே புரியும்படி சொன்னார். உரிமையாளர் சம்மதத்தோடு, லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும்தான். வண்டிக்குச் செல்லும், வண்டியால் அடிபட்ட மற்றவர்களுக்குச் செல்லும். ஓட்டினவரே இறந்துபோனால் அவருக்கென்று அதில் எதுவும் இல்லை. அந்த விபத்துக் காப்பு உரிமையாளர் ஒருவருக்குத்தான். காரில் வரும் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டாம். அதை டிக் செய்திருந்தால் வாதாடவாவது இடம் இருந்திருக்கும் என்றார். ஆறு வருஷமும் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனவன் நான். "உரிமையாளர் யார், நீங்களா?" என்று கேட்டார். கார் கைமாறிய கதையைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பாலிசி இன்னும் விற்றவர் பெயரிலேயே இருப்பதால் நொறுங்கிய வண்டிக்கும் ஒன்றும் கிடைக்காது என்றார். எதற்கும் கடிதம் வரட்டும் என்று இதை நான் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஜூன் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. அதுவும் எனக்கு வரவில்லை, விசாகப்பட்டினத்துக்குப் போயிற்று. அவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இந்த முறை பூங்கொத்து இல்லை. "என் பேரை எதுக்குய்யா போலீஸ் வரைக்கும் இழுத்து விட்டீங்க?" என்று கேட்டிருந்தார். கடிதத்தில், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் நாலே வரி.

அதை அன்றே அவளிடம் காட்டியிருக்க வேண்டும். நான் காட்டவில்லை. தினமும் சாயங்காலம் பால் வாங்க வரும்போது வாசலில் நின்று, "லெட்டர் வந்துச்சா அண்ணே?" என்பாள். "வரும்மா, கவர்ன்மெண்ட் மாதிரிதான் அவங்களும், மெதுவாத்தான் நடக்கும்" என்பேன். சட்டைப்பையில் போன் இருக்கும், போனுக்குள் கடிதம் இருக்கும். மேல்முறையீடு செய்து பார்க்கிறேன், வக்கீலிடம் கேட்கிறேன், அதற்குள் எதற்கு அவளைக் கலங்கடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வக்கீல் யாரையும் நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூலை பிறந்ததும் அறைக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அதற்கு மேல் மறைக்க வழியில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய், மகளின் கையில் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் அந்த நாலு வரியையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். பிறகு விரலால் படத்தைப் பெரிதாக்கி மேலே போய்ப் பார்த்தாள்.

"ம்மா, இது போன மாசத்து லெட்டர்" என்றாள்.

அம்மா ஸ்டவ்வை அணைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"போன வாரம் எங்க அண்ணன் போன் பண்ணுனாங்க. ஊர்க் காலேஜ்ல ஒரு எடம் சொல்லி வச்சிருக்கேன், இன்னைக்கே பதில் சொல்லுன்னு கேட்டாங்க" என்றாள். "எப்படியும் பணம் வந்துரும், புள்ள இங்கேயே படிக்கட்டும், வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."