கழற்றிவிட்ட ஹெட்லைட் வயர்

எழுபதுகளின் நடுவில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் கோயமுத்தூரை அடுத்த சித்தூர் பக்கம். வெயிலில் வளர்ந்தவன் வேலைக்காக அந்தக் குளிருக்கும், மஞ்சு என்று அங்கே சொல்கிற மூடுபனிக்கும் போனேன். ஃபாக்டரி மோட்டார், பங்களா விளக்கு, ஜீப், டிராக்டர் எல்லாம் என் பொறுப்பு. கூடவே சின்ன துரையின் மோட்டார் சைக்கிள். உதவி மேனேஜரை அங்கே சின்ன துரை என்பார்கள், மேனேஜரைப் பெரிய துரை என்பார்கள். அந்த நாற்காலிகளில் நம்மவர்களே உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர்களை யாரும் மாற்றவில்லை.

அது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி, ஆறு வோல்ட் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது அதோடு ஒரு டைனமோவும் சுற்றி பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெட்லைட்டும் ஹாரனும் மட்டுமல்ல, பிளக்கில் விழும் பொறியும் அந்த பேட்டரியை நம்பித்தான். டைனமோ படுத்துவிட்டால் பேட்டரியில் இருக்கிற கொஞ்சம் கரண்டை லைட்டும் எஞ்சினும் பங்கு போட்டுக்கொள்ளும். லைட்டைப் போட்டால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும். போடாவிட்டால் ஒரு நாள் முழுக்க ஓடும்.

ஒரு மழைக்காலத்தில் அந்த டைனமோ எரிந்துபோனது. பக்கவாட்டு மூடியைக் கழற்றியதுமே கருகின வார்னிஷ் வாடை அடித்தது. டைனமோவுக்குள் சுழலும் ஆர்மெச்சரின் செம்புக் கம்பிச் சுற்று கறுத்துக் கிடந்தது. சின்ன துரையிடம் போய்ச் சொன்னேன்.

"ஆர்மெச்சர் எரிஞ்சு போச்சுங்க. கோயமுத்தூருக்கு அனுப்பி புதுசா சுத்தி வாங்கோணும். நாலஞ்சு நாளு ஆகுமுங்க."

"அதுவரைக்கும் நான் மலை மலையா நடக்கணுமா?"

"ஜீப்பு இருக்குதுங்களே."

"ஜீப் பெரிய துரைக்கு. நீ பேட்டரியை தினமும் சார்ஜ் பண்ணிக் கொடு. வண்டி ஓடினா போதும்."

"தெரியாம லைட்ட போட்டுட்டீங்கன்னா பாதி வழியில நின்னுருமுங்க."

"அப்ப லைட் வயரைக் கழட்டி விடு. பகல்ல எனக்கு எதுக்கு லைட்?"

"பகல்லயே மஞ்சு எறங்குதுங்களே, எதுக்கால வாரவங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா?"

"இந்த ரோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். சொன்னதைச் செய்."

செய்தேன். ஹெட்லைட்டைத் திறந்து, வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, எங்கும் உரசாமல் ஓரமாகக் கட்டி வைத்தேன். அதைச் செய்தது என் கைதான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆர்மெச்சரை அடுத்த வாரம் அனுப்பலாம் என்றார். அடுத்த வாரம் கேட்டபோது, இப்போது என்ன அவசரம் என்றார். ஒரு மாதம் போனது. தினம் சாயங்காலம் பேட்டரி என் மேஜைக்கு வரும், காலையில் வண்டிக்குப் போகும். கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்துவிட்டது. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி மஞ்சு இறங்கியிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் எடை போடுகிற இடத்துக்குச் சாக்குகளைச் சுமந்துகொண்டு ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தார்கள். மேலேயிருந்து சின்ன துரை இறக்கத்தில் வந்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டிருக்கிறார். லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை.

அலறல் கேட்டு ஃபாக்டரியிலிருந்து நான் ஓடிப் போனபோது, அவர்களில் வண்டி மோதிய அக்கா ரோட்டோரத்தில் சிதறின கொழுந்தின் மேல் கிடந்தார். நாற்பது வயதிருக்கும். அந்தப் பகுதியிலேயே வேகமாகப் பறிக்கிற கை அவருடையது என்பார்கள். முழங்காலுக்குக் கீழே கால் ஒரு மாதிரி திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதைத்தான்:

"சத்தமும் கேக்கல தம்பி, வெளிச்சமும் தெரியல. எப்படித் தம்பி நான் ஒதுங்குவேன்?"

சின்ன துரைக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர் வண்டியின் வளைந்த மட்கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அவர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"லைட் வயரை மாட்டிடு. பெரிய துரை வண்டியைப் பார்க்க வரார்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக வேண்டாத வயர், ஒரு பெண்ணின் கால் உடைந்த பிறகு வேண்டியிருக்கிறது!

"மாட்ட மாட்டனுங்க" என்றேன். அந்த எஸ்டேட்டில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

பத்து மணிக்கு ஆபீசில் விசாரணை. சின்ன துரை உட்கார்ந்திருந்தார், நான் நின்றேன். வேலை பார்த்துவிட்டு எலெக்ட்ரீஷியன் வயரை மாட்ட மறந்துவிட்டான் என்று அவர் நிதானமாகச் சொன்னார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

வண்டியை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள் என்று பெரிய துரையிடம் கேட்டேன். அவர் முன்னால் ஹெட்லைட்டைத் திறந்து காட்டினேன்.

"மறந்துட்டுப் போறவன் முனைக்கு டேப்பு சுத்துவானுங்களா? இப்படி ஓரமா கட்டி வெப்பானுங்களா?"

பிறகு வயரை மாட்டி, முந்தின நாளிலிருந்து சார்ஜ் ஏற்றாத அதே பேட்டரியோடு வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து, லைட்டைப் போட்டேன். சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எஞ்சின் ஓடியும் அணையவில்லை. ஹெட்லைட் மஞ்சளாக மங்கிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் விக்கி விக்கி நின்றுபோனது. ஆர்மெச்சரைப் பற்றி எத்தனை முறை சொன்னேன் என்பதையும் சொன்னேன். பெரிய துரை எல்லாவற்றையும் பார்த்தார். தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு காகிதம் கையெழுத்துக்கு வந்தது. கிளார்க் தமிழில் படித்துச் சொன்னார். கடுமையான மஞ்சு. தொழிலாளி நடு ரோட்டில் நடந்தார். வண்டிப் பராமரிப்பில் எலெக்ட்ரீஷியனின் கவனக்குறைவு. சின்ன துரையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

புரியாதவர் அப்படி எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கண்ணெதிரே எஞ்சின் நின்றதைப் பார்த்தவர் எழுதினார்.

"கையெழுத்துப் போடு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது" என்றார் பெரிய துரை.

"என் கவனக்குறைவுன்னு மட்டும் எழுதினாக்கூட யோசிப்பனுங்க. அந்தக்கா நடு ரோட்டுல நடந்துச்சுன்னு எப்படிங்க போடறது? அது ஓரத்துல விழுந்து கெடந்தத நானே பாத்தனுங்க."

போடாமல் வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரரைப் பார்க்க, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அவர் ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். நடந்ததையெல்லாம் தமிழில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். வயரைக் கழற்றியது நான் என்பதையும் எழுதியிருந்தேன்.

படித்துவிட்டு அவர் கேட்டார். "இத யூனியன்ல குடுத்தா ஒங்களுக்கும் கேடுதானவே?"

"இருக்கட்டுங்க. குடுங்க."

யூனியன்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் லேபர் ஆபீசரை வரவழைத்தார்கள். அவர் வந்து பார்த்தபோது வண்டியில் லைட் பளிச்சென்று எரிந்தது. விபத்து நடந்த மூன்றாம் நாளே ஆர்மெச்சர் கோயமுத்தூர் பஸ் ஏறி, அடுத்த நான்கு நாளில் திரும்பி வந்துவிட்டது. ஒரு மாதம் நகராத சாமான்! வேறு யாரையோ வைத்து அதை மாட்டியிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த அவசரமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. விபத்துக்கு அப்புறம் எதற்காகப் புதுசாகச் சுற்றினீர்கள் என்று லேபர் ஆபீசர் கேட்டார், கோயமுத்தூர் பில்லின் தேதியைக் குறித்துக்கொண்டார்.

'நடு ரோட்டில்' என்ற வரியை அவர்கள் அடித்து நீக்க வேண்டியதாயிற்று. வைத்தியச் செலவும் படுத்திருந்த நாட்களின் சம்பளமும் அக்காவுக்குக் கிடைத்தன. சின்ன துரையைப் பக்கத்து டிவிஷனுக்கு மாற்றினார்கள். அதற்குத் தண்டனை என்று பெயர். அங்கே அவருக்குப் புது வண்டி கொடுத்தார்கள். என்னை அந்த மாதக் கடைசியோடு வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை.

புறப்படும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் மாவுக்கட்டோடு அக்கா படுத்திருந்தார். இனி சரிவில் நின்று பறிக்க முடியாது, நாற்றுப் பண்ணையில் உட்கார்ந்து மண் நிரப்பும் வேலைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கழட்டும்போதே ஒங்களுக்குத் தெரியுமா தம்பி, இப்படி ஆகும்னு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியுமுங்கக்கா. சொல்லியும் பாத்தனுங்க. அப்பறம் கழட்டிட்டனுங்க."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க எழுதிக் குடுத்தது பெரிய காரியம்னு எல்லாரும் சொல்லுதாக. நானும் அப்படிச் சொல்லணும்தான். மனசு வரல தம்பி. கால் வலிக்கி."

"சொல்ல வேண்டாமுங்கக்கா" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தண்ணீர் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன்.