வந்தது வந்தபடி

விரல் நாக்கை நோக்கிப் போகிறது. பாதி வழியில் நிற்கிறது. "தோ, மறுபடியும் போவுது பாரு" என்று தன் விரலையே அதட்டுகிறார் ஜெயினுலாபுதீன் பாய். இருபது வருடமாக எச்சில் தொட்டுக் காகிதம் பிரித்த விரல் அது. இந்த 2009 ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சல் செய்தி புனேயிலிருந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கி வர, கடைக்கு வருகிற பெற்றோர்கள் அந்த விரலைப் பார்த்து முகம் சுளிக்கத் தொடங்கினார்கள். ஒரு சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வாங்கி வைத்தார். வைத்ததை விரல் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "நாக்கு இல்லாம பேப்பர் பிரிய மாட்டேங்குதும்மா. ரெண்டு ரெண்டா வருது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கேளம்பாக்கத்தில் கோவளம் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், நிற்பதற்கு ஓர் ஆள் அளவு இடம். கோவளத்திலிருந்து காலையில் மொபெட்டில் வந்துவிடுவார். நாற்பத்தெட்டு வயது. வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட மாட்டார்; அதன் வலது கை விளிம்பு மட்டும் டோனர் தூளில் எப்போதும் சாம்பல் நிறம். மெஷினை 'இவ' என்பார். சூடேறி நின்றுவிட்டால் மூடியைத் திறந்து வைத்து, "இவளுக்கு மூச்சு வாங்குது, ரெண்டு நிமிசம் நில்லு" என்று வாடிக்கையாளரை நிறுத்தி வைப்பார்.

கண்ணாடிமேல் வைக்கிற எல்லாவற்றையும் படிப்பார். ரேஷன் கார்டு, பத்திரம், மருத்துவச் சீட்டு, சிறுசேரியில் வேலை தேடும் பையன்களின் பயோடேட்டா. இந்த வருடம் ஒரே பையன் மூன்றாவது முறை பயோடேட்டாவோடு வந்தால், ஏன் என்று கேட்க மாட்டார். கூடுதல் வெளுப்பாக இருக்கும் நல்ல தாளை எடுத்துப் போடுவார். பிழை கண்ணில் பட்டால் மட்டும் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். ஆனால் ஒரு புள்ளியைக்கூடத் தானாக மாற்றியதில்லை. "வந்தது வந்தபடி போவணும். அதான் ஜெராக்ஸ். மாத்திக் குடுத்தா அதுக்கு வேற பேரு கீது, போலீஸ்ல சொல்வாங்க."

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அந்தச் சான்றிதழை முதலில் நகல் எடுத்தவர் அவர்தான். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, "இதைக் கண்ணாடி மேல வெக்கறப்போ கை கூசுதும்மா" என்றார். அந்த நகலைக் கொடுத்துத்தான் எதிர்ப் பள்ளியின் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சு வேலை கிடைத்தது. அன்றிலிருந்து நான் அடித்துக் கொண்டுவரும் சுற்றறிக்கைகளின்மேல் அவர் விரல் எங்கே இறங்குமோ என்று எனக்கு உள்ளூரப் பயம் உண்டு.

சுதந்திர தினத்துக்கு முந்திய வாரம் அந்தக் கடை வாசல் சட்டசபை ஆகிவிட்டது. கொடியேற்றத்துக்கு எல்லாப் பிள்ளைகளையும் கூட்டலாமா, கூடாதா? சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் ரோகிணி, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு சொன்னார்: "புனேல ஸ்கூலையே மூடிட்டாங்க. இங்க மட்டும் எதுக்கு அறுநூறு பசங்களை ஒண்ணா நிக்க வெக்கணும்?"

ஷேர் ஆட்டோ செங்கல்வராயனுக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். "இன்னாம்மா நீ. வெள்ளைக்காரன் தடியடிக்கே பயப்படாத நாடு, தும்மலுக்குப் பயந்துகினு கொடி ஏத்தாம இருக்குமா?"

"உங்க ஆட்டோல பன்னெண்டு பேரை ஏத்துறீங்களே, முதல்ல அங்கதான் வரும்."

"அது ஷேர் ஆட்டோம்மா. எல்லாத்தையும் ஷேர் பண்ணிக்கினுதான் போவணும்."

ரோகிணியே சிரித்துவிட்டார். செங்கல்வராயன் பாயின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாய். உன் பொண்ணும்தான் இங்க படிக்குது."

"நானு ரெண்டு பக்கமும் போட்டுத் தருவேன் அண்ணாத்த. அதானே நம்ம தொழிலு" என்றார் பாய், தாளைத் திருப்பி வைத்தபடி.

ஆனால் அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. மகள் இனாயா ஐந்தாம் வகுப்பு. கொடியேற்றத்தன்று உறுதிமொழி சொல்ல அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் சொல்ல, பள்ளிக்கூடம் முழுவதும் பின்னால் சொல்லும். மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு, கோவளம் முதல் கேளம்பாக்கம் வரை தினமும் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். "ரோட்டுல போறவன்லாம் திரும்பிப் பாக்குறாம்மா, நான் இன்னாவோ மைக் செட்டு கட்டிகினு வர்றேன்னு" என்றார். சொல்லும்போது முகத்தை மெஷினுக்குள் ஒளித்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அவருடைய தம்பி முஜீப் நான்கு வருடம் கழித்து ஷார்ஜாவிலிருந்து பாயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வியாழக்கிழமை மதியம் சுற்றறிக்கையோடு நான் சாலையைக் கடந்தேன். அறுநூறு பிரதி. இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். மூன்றரைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டும். கொடியேற்றம் உண்டு என்று பள்ளி முடிவு செய்திருந்தது, சில விதிகளோடு. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் வரக் கூடாது. அடுத்த வரி: 'வெளிநாட்டினர் குடும்பத்துப் பிள்ளைகள் பத்து நாட்களுக்குப் பள்ளிக்கு வர வேண்டாம்.'

தாளைக் கண்ணாடிமேல் வைத்தவர் மூடியைச் சாத்தவில்லை. விரல் இறங்கியது. ஏதோ ஒற்றுப் பிழை என்று எட்டிப் பார்த்தேன். விரல் 'வெளிநாட்டினர்' மேல் இருந்தது.

"இது யாரும்மா?"

"வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க பாய்."

"அது வேற. இது வேற." மெல்லத்தான் சொன்னார். "முஜீப் பாஸ்போர்ட்டை இங்கதான் ஜெராக்ஸ் போட்டேன். அதுல இன்னா நாடுன்னு போட்டுக்குதுன்னு எனக்குத் தெரியும்."

ஆட்டோவை நிழலில் விட்டுவிட்டு வந்திருந்த செங்கல்வராயன், "அட விடு பாய், ஒரு வார்த்த. உன்னை யாரு இன்னா சொன்னா? எல்லாருக்கும் அர்த்தம் புரியும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"புரியும் அண்ணாத்த. பெரியவங்களுக்குப் புரியும். போன மேட்ச் அன்னிக்கு ஒரு பையன் எம்பொண்ணை, நீ எந்த நாட்டுக்குக் கை தட்டுவேன்னு கேட்டுக்கீறான். வூட்டுக்கு வந்து என்னைக் கேக்குது: அத்தா, நம்ம வேற நாடான்னு." தாளின் ஓரத்தை நேராக்கினார். "இல்லடான்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப ஸ்கூலே அச்சடிச்சி அனுப்புனா, நான் இன்னான்னு சொல்றது?"

செங்கல்வராயன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும்மா எழுதுனாங்க?"

"ஆபீஸ்ல" என்றேன்.

தலைமை ஆசிரியை ஆங்கிலத்தில் எழுதித் தந்திருந்தது 'ஃபாரின் ரிட்டர்ன்' குடும்பங்கள் என்று. தமிழாக்கியது நான். திரும்பியவர்கள் என்றால் வாக்கியம் நீள்கிறது. 'வெளிநாட்டினர்' கச்சிதமாக, செய்தித்தாளில் வருகிற சொல் போல இருந்தது. அடித்து முடித்ததும் எனக்கே அது பிடித்திருந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் யார் யார் அடைபடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை. எந்தச் சொல்லால் நானும் என் வீடும் இத்தனை காலம் எங்கெங்கே நிறுத்தப்பட்டோம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. படித்தது எதற்கு என்று அந்த வெயிலில் நின்றபடி கேட்டுக்கொண்டேன்.

பாய் மூடியின்மேல் கை வைத்துக் காத்திருந்தார். மறுக்கவும் இல்லை, போடவும் இல்லை. சுவரில் மணி ஒன்று இருபது.

"நான்தான் பாய் எழுதினேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப நல்லதாப் போச்சு" என்றார். "எழுதுனவங்க திருத்துனா திருத்தம். நான் தொட்டா திருட்டு." தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பேனாவைத் திறந்ததும் தடுத்தார். "இரு. கீழ அம்மா கையெழுத்து கீது பாரு. அவங்களைக் கேட்டுக்கினு வா. உன் வேலைக்கு எதுனா வந்துரப் போவுது."

சாலையைத் திரும்பக் கடந்தேன். தலைமை ஆசிரியை ஞானம்மாள் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "நான் சரியாத்தானே எழுதிக் கொடுத்தேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்புறம் ஏன் இப்படி வந்தது?" என் பதிலுக்குக் காத்திராமல் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். 'வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் தங்கியுள்ள' என்பதை இரண்டு வரிகளுக்கு நடுவே நெருக்கி எழுதினேன். இடம் போதவில்லை, கடைசி எழுத்துகள் ஓரத்தில் ஏறிக்கொண்டன. அலங்கோலமாகத்தான் இருந்தது.

பாய் அதை முழுக்கப் படித்துவிட்டு மூடியைச் சாத்தினார். பச்சை வெளிச்சம் போய்ப் போய் வந்தது. செங்கல்வராயன் சவாரிக்குப் போகாமல் நின்று தாள்களை நூறு நூறாக அடுக்கினார். "முஜீப்பைக் கூட்டாந்து காட்டலியே பாய்" என்று ஆரம்பித்தார். "பத்து நாள் களிச்சி வா, பிரியாணி போடுறேன். இப்ப மாடி ரூம்ல கீறான். தட்டை வாசல்ல வெச்சிட்டு வர்றோம்" என்றார் பாய், மெஷினைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

கரண்ட் போவதற்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அறுநூறும் முடிந்தது. கட்டைத் தூக்கப் போனேன். "இரும்மா" என்று மேலே இருந்து ஒரு தாளை உருவினார். அடியில் பெற்றோர் நிரப்பித் தரவேண்டிய சீட்டு இருந்தது. மாணவர் பெயர், வகுப்பு, சுதந்திர தின விழாவுக்கு வருவார் அல்லது வரமாட்டார் (பொருந்தாததை அடிக்கவும்), கையொப்பம்.

'ஜெ. இனாயா' என்று நிறுத்தி எழுதினார். ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு. கையெழுத்துப் போட்டார். பிறகு இரும்பு ஸ்கேலை எடுத்து, 'வருவார்' என்ற சொல்லின்மேல் வைத்து, மகளின் பெயரைத் தொட்டுவிடாதபடி, மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.