ஊதிப் பார்த்த கண்ணாடிக் குண்டு

கலியாண வீட்டுக்குப் போனாலும், தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் கனகசுந்தரம் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்.

“பீங்கானுக்குச் சாதகம் பாக்கிற மனுசன் இந்தத் திருகோணமலையிலை நீங்கள் ஒராள்தான்,” என்பாள் மனைவி சீதேவி. அவர் சிரித்துவிட்டு அவளுடைய கோப்பையையும் வாங்கிக் கவிழ்ப்பார்.

யுத்தத்துக்கு முன் பன்னிரண்டு வருடம், கப்பலில் வந்த கண்ணாடி, பீங்கான் சாமான் பெட்டிகளைத் திறந்து உடைந்ததை எழுதிவைப்பதுதான் அவருக்கு வேலை. எந்தப் பட்டறை தன் அடையாளத்தை எங்கே வைக்கும் என்பது அப்படிப் பழகியது.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்துமூன்றில் அவர் துறைமுகத்தில் கடற்படைக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். ஆவணியில் இளம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் கடலில் இறந்துபோனான். அவனுடைய சாமான்களை ஊருக்கு அனுப்ப வேண்டும். தாய் எழுதியிருந்தாள்: காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுகள் நான்கு, அவனுடைய தகப்பன் சேர்த்தவை, நான்கிலும் செய்தவர் அடையாளம் உண்டு.

மேசைக்கு வந்த நான்கிலும் அடையாளம் எதுவும் தெரியவில்லை. பெரிய கிளாக்கர் முத்துலிங்கம், அந்த அதிகாரி இருந்த பங்களாவைத் துப்புரவாக்கும் பரீதாவைக் கூப்பிட்டார். துறைமுக வாசலுக்குள் விடும் அவளுடைய பாஸ் அவர் கையில் இருந்தது. புருசனை இழந்தவள், அந்தப் பாஸ் போனால் அவள் வீட்டில் உலை வைக்க ஏலாது.

“நல்லதை வித்துப்போட்டுக் கடைக் குண்டை வச்சிட்டாய் எண்டு கந்தோர்த் துரை சொல்லுறார்.”

“நான் விக்கல்ல ஐயா. அழுக்காக் கிடந்திச்சி. பித்தளை விளக்கிற மாதிரிப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினன். அடியில ஒட்டியிருந்த கடுதாசி ஊறிக் கழண்டுட்டு.”

“நாலிலையுமோ?”

“ஒண்டிலதான் கண்டன்.”

கனகசுந்தரம் குண்டுகளை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்தார். மூன்றில், கண்ணாடிக்குள் இருந்த பூக்களுக்கு நடுவே எள்ளளவு எழுத்து இருந்தது. பச்சை நிறமான நான்காவதில் ஒன்றுமில்லை.

“மூண்டுக்குக் காட்டினீர், சரி. நாலாவதுக்குக் கதை விடாதையும் கனகர்,” என்றார் முத்துலிங்கம்.

கனகசுந்தரம் குண்டைத் துடைத்து, அடியில் மெல்ல ஊதினார். ஆவி படிந்தது. நடுவில், ஓரம் பல்லுப் பல்லாய் வெட்டிய நீள்வட்டம் ஒன்று மட்டும் ஆவி படியாமல் தெளிந்து நின்றது. வருடக் கணக்காய் ஒட்டியிருந்த தாளின் தடம். அந்த வடிவத்தில் தாள் வெட்டி ஒட்டும் பட்டறை ஒன்றே ஒன்றைத்தான் அவர் கண்டிருக்கிறார்.

முத்துலிங்கம் மூக்குக்கண்ணாடி போடுவதற்குள் அது மறைந்துவிட்டது.

“நான் ஒண்டும் காணேல்லை.”

“நீங்களே ஊதுங்கோ. வெத்திலையைத் துப்பிப்போட்டு ஊதுங்கோ.”

முத்துலிங்கம் மூன்று தரம் ஊதினார். மூன்றாவது, வெறும் ஆசைக்கு. பிறகு பாஸை மேசையில் பரீதா பக்கமாகத் தள்ளினார்.

கனகசுந்தரம் பட்டியலை எழுதினார். நான்காவதற்கு நேரே, ‘ஒட்டிய தாள் கழன்றுவிட்டது, அடியில் மெல்ல ஊதினால் தெரியும்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தார். கழற்றியவளின் பெயரை எழுதவில்லை.

“உது தேவையோ?” என்றார் முத்துலிங்கம்.

“எங்களுக்குத் தேவையில்லை. அந்தத் தாய்க்குத் தேவை.”

முத்துலிங்கம் கையெழுத்து வைத்தார். பரீதா பாஸை முந்தானையில் முடிந்துகொண்டு, நான்கையும் சுற்றி அனுப்பப் பஞ்சு தேடிப் போனாள்.